செருப்புப் பெஞ்சில் என் அறை

எங்கள் வீட்டுக்குள் ஷூ என்ற ஒன்று நுழைந்தது என் சின்னம்மா மகளின் கால்களில்தான். அதுவரை நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்புக்காரர்கள். ஏற்காட்டு மழையில் நனைந்தால் ஓர் உதறு உதறி வாசலில் விட்டுவிடுவோம். அந்தச் செருப்புகளுக்கு அதற்கு மேல் மரியாதை கிடையாது. அவளுடையதோ கறுப்புத் தோல் ஷூ. கயிறு கட்டி, குதிகால் வைத்து, முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

அவளுடைய அத்தா மவுத்தாகிச் சில வருஷம் கழித்து, சின்னம்மாவுக்கு ஆத்தூரில் மறுபடியும் நிக்காஹ் நடந்தது. அந்தக் கையோடு மகள் மட்டும் மலையேறி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். ஷூ புதுச் சின்னத்தா வாங்கிக் கொடுத்ததாம். எனக்கும் அப்படி ஒரு சின்னத்தா கிடைத்தால் தேவலையே என்று ஏங்கினேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. அவள் என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், அதனால் அக்கா என்று கூப்பிட வேண்டும் என்று உத்தரவு. கூப்பிட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் வந்ததிலிருந்து எனக்கு எதிலும் பாதிதான். என் போர்வையில் பாதி, என் சீப்பு, என் ஜன்னலோர இடம். அம்மா முதலில் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, அப்புறம்தான் எனக்குப் பின்னுவாள். கேட்டால், ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பாள். நான் தானே வளர்ந்துகொண்டிருந்தேன், வயிற்றெரிச்சலோடு.

ஆடி மழை பிடித்துக்கொண்டபோது அந்த ஷூ வீட்டின் பெரிய பிரச்சனை ஆயிற்று. நாள் முழுக்க நனைந்தது ராத்திரிக்குள் காயவில்லை. அடுப்போரம் வைத்தால் தோல் வெடிக்கும், அப்படியே விட்டால் பூசணம் பூக்கும். ஒண்டிக்கடை முக்கில் மளிகைக் கடை வைத்திருந்த என் அத்தா, பருப்பையும் புளியையும் தவிர வேறெதற்கும் யோசித்து நான் பார்த்ததில்லை. அவர் அந்த ஷூவைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில், கதவோரமாக ஒரு பெஞ்சு செய்துவிடலாம் என்று அறிவித்தார். மேலே உட்கார்ந்து கயிறு கட்டிக்கொள்ளலாம். கீழே காற்றோட்டமாக அறை அறையாக விட்டால் ஷூ காய்ந்துவிடும்.

என் செருப்பு மூன்று மழைக்காலம் நனைந்திருக்கிறது. அதற்காக ஒரு ஆணிகூட யாரும் அடித்ததில்லை.

“எனக்கு?” என்று கேட்டேன்.

“உனக்கு இல்லாமயா கண்ணு? ஆளுக்கு ஒரு அறை” என்றார் அத்தா.

அந்த ஒரு வார்த்தையில் என் கோபம் பாதி இறங்கிவிட்டது. அவள் வந்த பிறகு அந்த வீட்டில் முழுசாக எனக்கே எனக்கென்று கிடைக்கப்போகும் முதல் பொருள் அதுதான். ஒரு முழம் அகலம்கூட இராது, ஆனாலும் அது என்னுடையது.

நாகலூர்ப் பக்கம் எஸ்டேட்டில் வெட்டிய சில்வர் ஓக் பலகைகள் பஸ் மேலேறி வந்து சேர்ந்தன. தொட்டால் ஈரம் கையில் ஒட்டியது.

“ஏனுங்க, பலகை நொம்பப் பச்சையா இருக்குதே. ஒரு ஆசாரியக் கூப்புடக் கூடாதுங்களா?” என்றாள் அம்மா.

பெஞ்சுக்கெல்லாம் ஆசாரியா என்று அத்தா சிரித்துவிட்டார். அவருக்கு மாதிரி தயாராக இருந்தது. பள்ளிவாசலில் செருப்பு வைக்க ஒரு மர அலமாரி உண்டு, புறாக்கூடு மாதிரி வரிசையாகக் கட்டங்கள். அசர் தொழுதுவிட்டு வெளியே வந்தவர், தன் செருப்பை அதில் வைத்து எடுத்து, சணல் கயிற்றால் நீளம், அகலம், உயரம் எல்லாம் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். கூட நின்றவர்கள் எதற்கென்று கேட்க, ஊட்டுப் புள்ளைக்கு என்றார். எந்தப் புள்ளைக்கு என்று நான் கேட்கவில்லை. எல்லாம் தெரிந்த சங்கதிதானே.

கடை அடைத்த பிறகு தினமும் கொஞ்ச நேரம் அறுப்பதும் அடிப்பதுமாகப் போனது. கட்டைவிரலில் சுத்தியல் பட்டு அத்தா குதித்ததைப் பார்த்து அவள் சிரித்தாள். என் அத்தாவைப் பார்த்து இவள் என்ன சிரிப்பது என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் வாயில் ஆணியைக் கவ்விக்கொண்டு அவளோடு சேர்ந்து சிரித்தது அதைவிடப் பெரிய கோபம்.

பெஞ்சு ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது. ஒரு கால் லேசாக ஆடியது. மடித்த அட்டையை அடியில் செருகியதும் நின்றது. ஓரத்தில் மேலறை அவளுக்கு, அதற்கு நேர் கீழறை எனக்கு. என் செருப்பை உள்ளே தள்ளினேன், அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அத்தா அவளுடைய ஷூவை எடுத்து மேலறையில் வைக்கப் போனார். நுழையவில்லை. சாய்த்தார், படுக்க வைத்தார், குதிகாலை முதலில் விட்டுப் பார்த்தார், ஊஹூம். தட்டைச் செருப்புக்கு எடுத்த அளவில் ஷூ எங்கே போகும்! யாருக்காகச் செய்தாரோ அவளுக்கு மட்டும் இடமில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு என்னைவிடச் சந்தோஷமாக யாரும் இருந்திருக்க முடியாது.

அந்தச் சந்தோஷம் ஒரு டீ ஆறும் நேரம்கூட நிலைக்கவில்லை. அத்தா கொஞ்சம் யோசித்தார். பிறகு ஆணி பிடுங்கும் கொறடு எடுத்து, எங்கள் இரண்டு அறைக்கும் நடுவில் இருந்த பலகையைப் பிடுங்கிவிட்டார்.

“இப்பப் பாரு, நல்லா உசரமாயிருச்சு. ரெண்டு பேரும் ஒண்ணா வெச்சுக்கங்க சாமி.”

மறுபடியும் பாதி! தரையில் புரண்டு அழுதேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்ட பழமொழியை உரக்கச் சொன்னேன். அம்மா ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள்.

ஷூக்காரி என்னைத் திட்டவில்லை. “எனக்கு வேண்டாங்க பெரியத்தா. அவளே வெச்சுக்கட்டும். நான்தான் எங்கூட்டுக்குப் போயிருவேனுங்களே” என்றாள்.

அத்தா பிடுங்கிய பலகையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “போற வரைக்கும் இருக்கட்டும் கண்ணு” என்றார். பலகையைத் திரும்ப அடிக்கவில்லை.

அவளும் ஷூவை அங்கே வைக்கவே இல்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் துடைத்து, தாளில் சுற்றி, கட்டிலுக்கடியில் தன் துணிப்பைக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்வாள். என்ன திமிர் என்று நினைத்தேன். ஆனாலும் லாபம் எனக்குத்தான். அந்த உயர அறை முழுக்க என் ரப்பர் செருப்பு தனியாக அரசாண்டது.

மழை விட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை சின்னம்மாவும் புதுச் சின்னத்தாவும் வருவதாகத் தகவல் வந்தது. அன்று விடிந்ததிலிருந்தே அவள் ஷூ போட்டுக் கயிறு கட்டி, துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் தொந்தரவு செய்யவில்லை. போகிறவளோடு எதற்குச் சண்டை? ஜன்னலோர இடத்தில் என் போர்வையை முழுசாக விரித்து வைத்துவிட்டும் வந்தேன்.

வந்தார்கள். பிரியாணி சாப்பிட்டார்கள். சின்னம்மா அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து ஊட்டினாள். சின்னம்மாவின் வயிறு கொஞ்சம் மேடிட்டிருந்தது. உள்ளறையில் அம்மாவும் சின்னம்மாவும் நெடுநேரம் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். அத்தா சின்னத்தாவிடம் மிளகு விலையைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. சாயந்திர பஸ்ஸுக்கு எல்லோரும் நடந்தோம். பஸ் வந்தது. சின்னம்மா அவள் கன்னத்தை வழித்து முத்தமிட்டாள், முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஏறிவிட்டாள். பஸ் நகர்ந்தபோது மகள் எங்களோடு கீழேயே நின்றாள், துணிப்பையைக் கையில் பிடித்தபடி.

வீட்டுக்கு வந்ததும் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். குனிந்து கயிற்றை அவிழ்த்தாள். ஷூவைக் கழற்றி, என் செருப்பை ஓரமாகத் தள்ளி, அந்த அறைக்குள் வைத்தாள். சரியாகப் பொருந்தியது.

எனக்கு வந்ததே ஆத்திரம். “அம்மா, என் எடத்துல வெச்சுட்டா! போறேன்னு சொன்னாளே!” என்று கத்தி அழுதேன். அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் கிடையாது. அம்மா அடுக்களையிலிருந்து ஓடிவந்தாள். என்னைத் தாண்டிப் போய், அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து, அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

அழுதவள் நான். அணைத்தது அவளை. இது என்ன நியாயம் என்று இன்னும் சத்தமாக அழுதேன்.