கோவர்த்தனன் மாமாவின் குரல்

என் அக்காள் வசந்தாவைக் கட்டிக்கொண்ட கோவர்த்தனனை, ஆந்திர எல்லையில் எங்கள் நெசவு ஊரான நகரியில் தெரியாதவர்கள் இல்லை. திருப்பதிப் பக்கம் இருந்த மீடியம் வேவ் ரேடியோ ஸ்டேஷனில் சாயங்காலத் தமிழ் நிகழ்ச்சி அவருடையது. "அன்பு நேயர்களே" என்று ஆரம்பித்தால் தறியை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். வீட்டில் அந்த வாய் திறந்தால் குழம்பில் உப்பில்லை என்பதற்குத்தான். எனக்கு அந்த மனிதரைப் பிடிக்காது, மறைக்கவும் மாட்டேன்.

ஸ்டேஷனை மூடி, கோபுரத்தைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள். அடுத்த வருஷமே மாமாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். வேலூரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு துணி. வேண்டியதை எழுதிக் காட்டுவார். அவருக்கு எழுத வருவது தமிழ். அக்காள் படித்தது தெலுங்கு மீடியம். மகள் மஞ்சுதான் படித்துச் சொல்ல வேண்டும்.

"அவுரு கொரல ஒரு தபா கேட்டா போதும்டா" என்று அக்காள் என்னிடம் அழுதாள். பைத்தியக்காரி. அந்தக் குரல் அவளிடம் நல்லதாக நாலு வார்த்தை பேசியதில்லை. ஊருக்குப் பேசியதையாவது கேட்கிறேன் என்கிறாள்.

ஆனால் டேப் எங்கே? அந்த நாளில் டேப்புக்குத் தட்டுப்பாடு. ஒலிபரப்பானதை மறுநாளே அழித்து, அதே சுருளில் அடுத்ததைப் பதிவார்கள். மாமா பாட்டுக்காரர்களின் டேப்பை விட்டுவிட்டுத் தன்னுடையதைத்தான் முதலில் அழிப்பாராம். சிக்கனமான ஆள் என்று மேலதிகாரியிடம் நல்ல பேர்.

அலைந்து திரிந்து, பாகாலாவில் குடியிருக்கும் பழைய டெக்னீஷியன் முனிகிருஷ்ணனைப் பிடித்தேன். அவர் வீட்டுப் பரணில் ஒரு சுருள் கிடந்தது. அதைப் போனில் ஏற்றி, சிரித்துக்கொண்டே அவரே கொண்டுவந்தார். அக்காள் தலைக்குக் குளித்து, பட்டுப்புடவை கட்டி, கேசரி கிளறி, பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தாள். மாமா முகத்தில்கூட ஒரு பெருமை.

நிகழ்ச்சிக்கு முன்னால் சத்தம் சரிபார்க்க, வாய்க்கு வந்ததைப் பேசிப் பதிவது ஸ்டேஷன் வழக்கம். மஞ்சு போனை அமுக்கியதும் வந்தது அதுதான்.

"சவுண்டு சரியா கீதா முனி? இன்னா பேசறது? ஊட்ல ஒரு ஜென்மம் கீதே, வசந்தா, அத்தப் பத்திப் பேசட்டா? சேர்ந்தாப்ல ரெண்டு வார்த்த பேசத் தெரியாத மாடு. எங்க நைனா பேச்சக் கேட்டுக் கட்டிக்கினேன். அத்துங்கூடப் பேசறதுக்கு இந்த மைக்கே தேவல."

முனிகிருஷ்ணனின் அந்தக் காலத்துச் சிரிப்பு. அப்புறம் தேனாக, "அன்பு நேயர்களே, வணக்கம்." அதோடு சரி, மிச்சமெல்லாம் அழித்தது.

"ஜோக்குதான் கதா, ஜோக்குதானே வசந்தம்மா" என்று முனிகிருஷ்ணன் இப்போதும் சிரித்தார், பாவி. வேறு யாரும் சிரிக்கவில்லை. மாமா எழுந்து போனைப் பிடுங்கப் பார்த்தார். வாய் அசைந்தது, துளையில் காற்றுதான் வந்தது. என்னவோ எழுதி மஞ்சுவிடம் நீட்டினார்.

"படிக்காதடி" என்றாள் அக்காள். எல்லாருக்கும் கேசரி வைத்தாள்.

இப்போது தினமும் மாமாவுக்குத் தட்டு வைத்ததும் போனில் அந்தப் பதிவைப் போடுகிறாள். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை திரும்பத் திரும்ப ஓடுகிறது. போன வாரம் எனக்கே பொறுக்கவில்லை. "போதும்க்கா, நிறுத்து" என்றேன்.

"எனுக்குத்தான் பேசத் தெரியாதேடா" என்றாள். "அவுரே பேசிக்கினு இருக்கட்டும்."