உமாதேவி ஹாலில் சாமராஜபுரம் ஸ்டேஷன்

எங்கள் அக்ரஹாரத்தில் உமாதேவி வீட்டுக்குக் காபி குடிக்கப் போகிறவர்கள் குனிந்துதான் சமையலறைக்குள் நுழைய வேண்டும். ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவில், நிலைப்படியின் குறுக்கே, மார்பளவு உயரத்தில் கபினி ஆற்றுப் பாலம் போகிறது. அட்டையும் மூங்கிலும் சேர்த்துக் கட்டிய பாலம். கொக்கியைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். ஆனால் ரயில் வரும் நேரமாக இருந்தால் கழற்ற விடமாட்டாள். “பாசஞ்சர் போகட்டும், செத்த நில்லுங்க” என்பாள். அவள் கணவர் ரத்தினவேல் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதல் காபிக்காகக் காலையில் குனிந்து குனிந்து பழகி, இப்போது கோயில் வாசல், கடை வாசல் எல்லா இடத்திலும் குனிகிறார். இந்த வயதில் பணிவான மனிதர் என்று பெயர் வாங்கிவிட்டார்.

உமாதேவி பிறந்த ஊர் கொள்ளேகால். அங்கே பட்டு உண்டு, எந்தத் திசைக்கும் பஸ் உண்டு, ரயில் மட்டும் கிடையாது. கல்யாணமாகி மைசூருக்கு வந்த பிறகுதான் ரயிலை நேரில் பார்த்தாள். நஞ்சன்கூட்டில் ஓர் ஊதுபத்தி கம்பெனியில் வேலை கிடைத்ததும் தினமும் அதில் ஏறினாள். சாமராஜபுரம் ஸ்டேஷனில் காலைப் பாசஞ்சர், சாயங்காலம் அதே ஸ்டேஷனில் இறக்கம். பஸ் பாஸ் வாங்கித் தருகிறேன் என்று ரத்தினவேல் எவ்வளவோ சொன்னார். “உங்க பஸ்ல நின்னுக்கிட்டே போகணும். ரயில்னா உக்காந்து அவரைக்கா உரிச்சுக்கிட்டுப் போயிருவேன்” என்று சொல்லிவிட்டாள். இருபத்தைந்து வருஷம் உரித்தாள். ஓய்வு பெற்ற மறுநாள் காலையிலும் கால்கள் தாமாகவே ஸ்டேஷனுக்கு இழுத்துப் போக, பிளாட்பாரத்தில் ஒரு கிலோ உரித்துவிட்டு வந்தாளாம். இது ரத்தினவேல் சொல்வது. கண்டக்டர்கள் சொல்வதில் பாதியைத்தான் நான் வாங்கிக்கொள்வேன்.

ஸ்டேஷன் வீட்டுக்குள் வந்தது தசராவோடு. தசரா என்றால் இந்த ஊரில் வீட்டுக்கு வீடு கொலு. இங்கே அதைக் கொம்பே என்பார்கள். உமாதேவி வீட்டில் மேல்படியில் மாமியார் விட்டுப்போன மரப்பாச்சி ராஜா ராணி. கீழே தரையில் மணல் கொட்டிப் பூங்கா. ஓய்வு பெற்ற வருஷம் அந்தப் பூங்காவைச் சுற்றி ஒரு பொம்மை ரயிலை ஓடவிட்டாள். கொலுவில் வருஷத்துக்கு ஒரு பொம்மையாவது புதிதாகச் சேர வேண்டும் என்பது வழக்கம். இரண்டாம் வருஷம் அவள் சேர்த்த பொம்மை சாமராஜபுரம் ஸ்டேஷன். மூன்றாம் வருஷம் இரண்டாவது தண்டவாளம். நிஜ லைனில் மின்கம்பம் நட்ட வருஷம் இவளும் நட்டாள். பிறகு அசோகபுரம் வரை நீட்டினாள். ஒவ்வொரு விஜயதசமிக்குப் பிறகும் படிகளும் பொம்மைகளும் பரணுக்குப் போயின, ஸ்டேஷன் போகவில்லை. பெஞ்சுகளின் மேல் ஏறி, ஹாலை வளைத்துக்கொண்டு நின்றது.

தண்டவாளமும் வண்டியும் பெங்களூரில் யாரோ விற்றுவிட்டுப் போன பழைய செட். மற்றதெல்லாம் இவள் கை. தண்டவாளத்துக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டைகள் ஊதுபத்திக் குச்சிகள். அதனால் வண்டி ஓட ஓட மோட்டார் சூட்டில் சந்தன வாசனை கிளம்பும். ஸ்டேஷன் கூரை, ஊதுபத்தி டப்பாவின் தகரம். கட்டைகளுக்கு நடுவே ஜல்லிக்குப் பதில் ராகியைக் கொட்டிப் பசை தடவினாள். ஓர் ஆடி மழையில் ஹால் ஒழுகியது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அசோகபுரம் வரை பச்சைப் பசேலென்று ராகி முளைத்து நிற்கிறது. எல்லோரும் சிரித்தோம். “சாமராஜநகர் லைன்ல புல்லு மொளைக்காத வருஷம் எது?” என்று கேட்டுவிட்டு அப்படியே விட்டாள். அறுவடையும் ஆனது. அந்த ராகியில் களி கிண்டி எனக்கும் ஓர் உருண்டை கொடுத்தாள் என்று நான் சொன்னால் என் மருமகள் நம்புவதில்லை. சுரங்கப் பாதைக்குள் ஒரு பல்லி குடியேறி, வண்டி வருவதற்கு முன் வெளியே வந்து தலையை ஆட்டிவிட்டுப் போகும் என்பதையும் அவள் நம்புவதில்லை. அது அவள் கஷ்டம்.

வினை சிவப்புக் காரின் உருவத்தில் வந்தது. ரத்தினவேலின் அண்ணன் சேகரன் அதே வீட்டின் மாடியில் இருக்கிறார். சாமராஜநகரில் தாலுகா ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வீடு இருவருக்கும் பொது, கீழ் ஹாலும் பொது. வாழ்நாளில் முதல் காரை வாங்கி வாசலில் நிறுத்தினார். அக்ரஹாரத்துத் தெருவில் இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தாலே ஒன்று மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். மூன்றாம் நாள் பால்காரர் வண்டி உரசிக் காரின் இடது கதவில் நீளமாக ஒரு கோடு. அந்தக் கோட்டைத் தடவிக்கொண்டே கீழே வந்தார்.

“ரத்தினம், ஹால் முன்சுவரை எடுத்துட்டு ஷட்டர் போட்டுடலாம். கார் உள்ள நிக்கட்டும்.”

ரத்தினவேல் மனைவியைப் பார்த்தார். உமாதேவி ஸ்டேஷன் பெயர்ப்பலகைக்கு மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

“கார் நிறுத்த ரயில்வே ஸ்டேஷனை இடிப்பாங்களாங்க பெரிய மாமா?” என்று கேட்டாள்.

“ஸ்டேஷனாம். கொள்ளேகாலுக்கு ரயிலே கிடையாது, அங்கிருந்து வந்தவளுக்கு ரயில் பைத்தியம்.”

“கிடையாதுங்கறதாலதானுங்க.”

“இங்க பாரம்மா. இது கொம்பேக்கு வச்சது. கொம்பேயோட போகணும். வீட்டுல பாதி என்னோடது.”

அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. பாதி வீடு அவருடையதுதான். தசராவுக்கு ஒரு மாதம்தான் இருந்தது, அதற்குள் இடித்துக் கட்டி முடியாது. பக்திமான் வேறு; கொலு நேரத்தில் சுவரை இடிக்கச் சொல்ல வாய் வராது. அந்தத் தசராவில் கொலு வைத்த முதல் நாளே, நாங்கள் பத்துப் பேர் பார்க்க, ராஜா ராணிக்கு முன்னால் நின்று சொன்னார்: “ராஜா ராணியைப் படுக்க வச்ச மறுநாள் மேஸ்திரி வருவான். அதுவரைக்கும் ஒரு செங்கல்லைத் தொடமாட்டேன். இது சத்தியம்.”

“அதுவரைக்கும் தொடமாட்டீங்க?”

“தொடமாட்டேன்னா தொடமாட்டேன்.”

“அது போதுங்க எனக்கு” என்றாள் உமாதேவி. அந்தச் சொல்லிலேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

விஜயதசமி சாயங்காலம் ஆரத்தி முடிந்ததும் கொலுவில் ஒரு பொம்மையைப் படுக்க வைப்பார்கள். படுத்துவிட்டால் கொலு முடிந்தது, மறுநாள் கலைக்கலாம். அன்று ஆரத்தி எடுத்தாள், சுண்டல் கொடுத்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். ராஜாவும் ராணியும் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்கள்.

“படுக்க வைக்கலையா?” என்றார் சேகரன்.

“ராணி ரயில் பாத்துக்கிட்டிருக்காங்க மாமா. கடைசி வண்டி போகட்டும்.”

“கடைசி வண்டி எப்ப?”

“இன்னும் டைம்டேபிள் போடலைங்க.”

மறுநாள் மேஸ்திரி நஞ்சுண்டசாமி சுத்தியலோடு வந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தார். “தேவரு, சாமி இன்னும் எழுந்து நிக்குதே சார். கொம்பே இருக்கற வீட்ல நான் சுத்தி எடுக்கமாட்டேன், பேட சார், வேண்டாம்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சேகரன் தம்பியைத் திட்டிப் பார்த்தார். ரத்தினவேல் குனிந்தார். கொலு வைத்தவள்தான் பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். சேகரன் கை வைக்க முடியாது. சத்தியம் செய்த வாய், சுவரைத் தொடவும் முடியாது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

“சரி, நிக்கட்டும். ஆனா கொம்பே நிக்குதுன்னா தினமும் சாயங்காலம் ஆரத்தி, நைவேத்தியம் தப்பக் கூடாது. என்னைக்குச் சுண்டல் இல்லையோ அன்னைக்கே முடிஞ்சுதுன்னு அர்த்தம். அப்பவே படுக்க வச்சிரணும்.”

“சரிங்க மாமா. நாளைக்குக் கறுப்புக் கடலையா, பச்சைப் பயறா?”

அப்படித்தான் எங்கள் தெருவில் தசரா முடியாமல் போனது. தீபாவளி வந்தது, சுண்டல். கார்த்திகை வந்தது, சுண்டல். தேவராஜா மார்க்கெட்டில் கடலை விற்பவர் உமாதேவியைக் கண்டால் எழுந்து நிற்பார். விளக்கேற்றும் நேரத்துக்குத் தெருவே அந்த ஹாலில் இருக்கும். ரத்தினவேல் பழைய கண்டக்டர் விசிலை ஊதி “ரைட்” என்று சொன்னால்தான் வண்டி நகரும். வெளியூர்ப் பெரியவர் ஒருவர் பிளாட்பாரத்தின் அருகே பையை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்து, திருப்பதி வண்டி இங்கே நிற்காது என்று தெரிந்த பிறகுதான் எழுந்து போனார். நானும் தினமும் போனேன். சுண்டலுக்காக என்று சொல்பவர்கள் சொல்லட்டும்.

கொலு நிற்கிறதென்றால் வேலையும் நிற்க வேண்டியதில்லை என்று உமாதேவி கண்டுகொண்டாள். அந்த நாட்களில்தான் கபினிப் பாலத்தைக் கட்டி, நிலைப்படியைத் தாண்டி, சமையலறை அலமாரியில் நஞ்சன்கூட்டை நிறுவினாள். கோபுரம் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில். மாடியில் சேகரன் மோரைக் குடித்துக்கொண்டு, கீழிருந்து வரும் தாளிப்பு வாசனையை முகர்ந்துகொண்டு, எந்த நாள் தப்பும் என்று காத்திருந்தார்.

மார்கழிக் குளிரில் அந்த நாள் வந்தது. உமாதேவிக்குக் கடும் காய்ச்சல். எழுந்து உட்கார்ந்தால் தலை சுற்றுகிறது. ரத்தினவேல் தானே சுண்டல் செய்கிறேன் என்று குக்கரை வைத்தார். விசிலை எண்ணிப் பழகிய மனிதர்தான், ஆனால் தண்ணீர் ஊற்ற மறந்துவிட்டார். கடலை கரியானது, குக்கரும் கரியானது. வீட்டில் வேறு பயறு இல்லை. தெருவுக்கு விஷயம் தெரிவதற்குள் விளக்கு வைக்கும் நேரம் ஆகிவிட்டது.

சேகரன் குளித்து, வேட்டி மாற்றிக்கொண்டு இறங்கி வந்தார். காலித் தட்டைப் பார்த்தார்.

“இன்னைக்கு நைவேத்தியம் இல்லையா? அப்ப முடிஞ்சுது. உமா, வந்து ராஜா ராணியைப் படுக்க வையம்மா. மேஸ்திரிக்குச் சொல்லியாச்சு.”

உமாதேவி போர்வையோடு எழுந்து வந்தாள். நடக்க முடியாமல் ஸ்டேஷனைப் பிடித்துக்கொண்டே வந்தாள். தட்டுக் காலியாக இருந்தது உண்மை. கையை ராணியின் மேல் வைத்தாள். ரத்தினவேல் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“உமா, கையை எடு” என்று மாடிப்படியில் குரல் கேட்டது.

சேகரனின் மனைவி பொன்னம்மா. அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. கையில் வெண்கலக் கிண்ணம். அதில் ஆவி பறக்கும் மொச்சைச் சுண்டல், மேலே தேங்காய்த் துருவல்.

“கொலு இன்னும் முடியலைங்க” என்றாள் கணவரிடம். “இந்தாங்க நைவேத்தியம்.”

“நீ எப்ப இதைப் பண்ணினே?”

“உமா இருமுறது காலையிலிருந்து மேல கேக்குது. ஊறப் போட்டுட்டேன்.”

“நீ யார் பக்கம் பொன்னி?”

“கார் வாங்குனீங்களே, என்னை எங்க கூட்டிட்டுப் போனீங்க? கோடு விழும்னு மூடி வச்சிருக்கீங்க. இங்க வந்தா தினமும் நஞ்சன்கூடு போயிட்டு வர்றேன்.” கிண்ணத்தை ராஜா ராணி முன் வைத்தாள். “ரத்தினம், விசில ஊது.”

ரத்தினவேல் ஊதினார். ஊதியதில் மூன்றாம் வீட்டு நாய் குரைத்தது. வண்டி சாமராஜபுரத்தை விட்டுக் கிளம்பியது. உமாதேவி ராணியிலிருந்து கையை எடுத்து, பாலத்தின் கொக்கியைச் சரிபார்த்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள். சேகரன் அங்கேயே நின்றார். பொன்னம்மா ஒரு தொன்னையில் சுண்டலை அவர் கையில் திணித்தாள். அவ்வளவு நாள் மோர் குடித்த மனிதர். இரண்டாவது தொன்னையும் வாங்கிக்கொண்டதை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அவர் மேஸ்திரிக்குப் போன் செய்யவில்லை. தோற்றதாகவும் சொல்லவில்லை. “சத்தியம் பண்ணிட்டேன், என்ன செய்யறது” என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். அவர் சாயங்காலம் இறங்கி வருவதும் சத்தியத்தின் பகுதிதான் போலிருக்கிறது.

அடுத்த தசராவும் வந்தது, முந்தையது இன்னும் முடியாமலே. புதுப் பொம்மை சேர்க்க வேண்டும். உமாதேவி இம்முறை எதைச் சேர்ப்பாள் என்று தெரு முழுவதும் பேச்சு. முதல் நாள் விளக்கேற்றியதும் போய்ப் பார்த்தோம். சாமராஜபுரம் ஸ்டேஷன் வாசலில், மரத்தடியில், கட்டைவிரல் அளவில் ஒரு சிவப்புக் கார். இடது கதவில் ஊசியால் கீறிய நீளக் கோடு. பக்கத்தில் நட்ட குச்சியில் ஒரு சின்னப் பலகை: ‘சேகரன் அவர்களுக்கு மட்டும்’.

“ஹால்ல கார் நிறுத்த இடம் கேட்டீங்களே பெரிய மாமா” என்றாள் உமாதேவி. “ஒதுக்கியாச்சுங்க.”

சிரிக்கத் தயாராக இருந்த நாங்கள் சிரிக்காமல் அவர் முகத்தைப் பார்த்தோம். சேகரன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

“தப்பா நிறுத்தியிருக்கே” என்றார். “நான் எப்பவும் முன்பக்கம் ரோட்டைப் பாத்த மாதிரிதான் நிறுத்துவேன். எடுக்கறப்ப சுலபம்.”

இரண்டு விரலால் காரைத் தூக்கித் திருப்பி வைத்தார். கோடு தெரியாத பக்கமாகவும் வைத்துக்கொண்டார். மேல்படியில் ராஜாவும் ராணியும் நின்றபடியே இருந்தார்கள். உள்ளே, நஞ்சன்கூட்டுக்குக் கீழே, மறுநாளைக்கான கடலை ஊறிக்கொண்டிருந்தது.