நூற்று நாற்பது வெள்ளெலிகளுக்குத் தண்ணீர்

ஸ்டமத்தீனா அந்தப் பல்கலைக்கழகத்தில் வெள்ளெலி வளர்க்கச் சேர்ந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. சுற்றுச்சுவர் கிடையாது, பல்லாயிரம் பேர் படிக்கிறார்கள், தெருநாய்கூட வகுப்பறையில் வந்து படுத்துக்கொள்ளும். துணைவேந்தர்கள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின. உயிரியல் கட்டடத்தின் அடித்தளத்தில் கூண்டு கழுவுகிறவள் மட்டும் மாறவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை, புதுச் சட்டத்தை எதிர்த்து மாணவர்கள் கட்டடத்தைக் கைப்பற்றிச் சங்கிலி போட்டுவிட்டார்கள். அடிக்கடி நடக்கிற சங்கதிதான். அவளை மட்டும் உள்ளே விடுவது வழக்கம். இந்த முறை யாரையும் விடுவதில்லை என்று மாணவர் பேரவையில் கை தூக்கி முடிவு செய்திருந்தார்கள். அதை மாற்றவும் பேரவைதான் கை தூக்க வேண்டும். அடுத்த கூட்டம் வியாழன் மதியம். திங்கள் மாலை அவள் நிரப்பிய தண்ணீர்ப் புட்டிகளோ புதன் வரைதான் தாங்கும்.

வியாழன் மதியம் பேரவை கூடிய கூடத்தின் படிகளில் அவள் காத்திருந்தாள். பேசுவோர் பட்டியலில் அவளுடையது இருபத்தேழாவது பெயர். வந்தவரெல்லாம் உலகத்தையே துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். மணி இரண்டரை. பதினோராவது ஆள் மைக்கைப் பிடித்ததும் அவள் எழுந்துவிட்டாள்.

"பசங்களா, என் நூத்தி நாப்பது எலியும் நேத்துலேர்ந்து சொட்டுத் தண்ணியில்லாம கெடக்கு. உங்க கோபம் நியாயம்தான். ஆனா சட்டம் போட்டது அதுங்களா?"

சிரிப்பு எழுந்தது. பின்வரிசையில் ஒரு தாடிக்காரன் எழுந்தான். "இன்னிக்கு எலிக்காரம்மா வருவாங்க, நாளைக்குப் பேராசிரியர், அப்புறம் போலீஸ். விடாதீங்க!"

"போலீஸை என்ன பையிலயா ஒளிச்சு வச்சிருக்கேன்? துழாவிப் பாரு தம்பி, ரெண்டு ஆரஞ்சு இருக்கு."

கைகளை எண்ணினார்கள். தகராறு வந்து மறுபடி எண்ணினார்கள். ஒன்பது கை வித்தியாசத்தில் அனுமதி கிடைத்தது. தினமும் பத்தே நிமிடம், கூடவே ஒரு ஆள்.

சங்கிலிச் சாவி வைத்திருந்த வசிலிகி என்ற மாணவி கூட இறங்கினாள். எப்போதும் கீச்சுகீச்சென்றிருக்கும் அடித்தளத்தில் சத்தமே இல்லை. ஸ்டமத்தீனா புட்டிகளை நிரப்பிக்கொண்டாள். முதல் கூண்டில் புட்டியைச் செருகினாள். எதுவும் அசையவில்லை. பிறகு மரத்தூளுக்குள்ளிருந்து ஒரு மூக்கு வந்தது. இன்னொன்று வந்தது. அவள் அழுதுவிட்டாள். அழுதுகொண்டே அடுத்தடுத்த கூண்டுகளுக்கு ஓடினாள். ஒன்றுகூடச் சாகவில்லை.

"அப்பாடா!" என்றாள் வசிலிகி. "இனிமே இதுங்களுக்குப் பயமில்லையே?"

"நீங்க கட்டடத்தைத் திறந்துவிட்ட அன்னைக்கே கடைசி அளவு எடுத்து ஆராய்ச்சிய முடிச்சிடுவாங்க."

"அப்புறம்?"

"எல்லாத்தையும் கொன்னுடணும். நான்தான் செய்வேன். இத்தனை வருஷமும் நான்தான். மத்தவங்ககிட்ட விட்டா வலிக்க வலிக்கச் செய்வாங்க."

வசிலிகி கையிலிருந்த சாவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஸ்டமத்தீனா கடைசிப் புட்டியைச் செருகிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடுத்த பேரவை எப்போம்மா?"

"திங்கட்கிழமை. போராட்டத்தைத் தொடரலாமா வேணாமான்னு கேப்பாங்க."

"தொடரணும்னு தூக்குற கையை எண்ணுறப்போ," என்றாள் ஸ்டமத்தீனா, "என் கையையும் சேத்துக்குவீங்களா?"