பற்றவைத்த கண்ணி

அம்மாவின் சங்கிலியில் ஒரு கண்ணி மட்டும் மற்றவற்றைவிடத் தடிப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால்தான் தெரியும். ஆசாரி பற்றவைத்த இடம் அது. அந்தச் சங்கிலியை நான் கழுத்தில் போட்டதே இல்லை.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் குடியிருந்த எங்கள் வீட்டு வரிசையில் தங்கம் என்று இருந்தது அம்மாவிடம் மட்டும்தான். பிள்ளைகளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து தாடை வீங்கினால் கழுத்தில் தங்கம் போடவேண்டும் என்பார்கள். அதனால் அந்தச் சங்கிலி வீடு வீடாகப் போய்வரும். கொஞ்ச நாளில் வீக்கம் வடிந்துவிடும். அது தானாக வடிகிற நோய் என்று யாருக்குத் தெரியும்? சங்கிலிக்குத்தான் நல்ல பெயர்.

அடுத்த வீடு சின்னம்மா வீடு. அம்மாவின் தங்கை. ஒரே மகன், என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவான். ஊசி போடும் நர்ஸ் மிஸ்ஸி பையோடு வருவது தெரிந்தால் சின்னம்மா அவனை விறகுக்குப் பின்னால் உட்காரவைத்து, வாயில் ரொட்டியைத் திணித்துவிடுவார்.

“புள்ள எங்கக்கா?”

“அப்பாவோட கடைக்குப் போயிட்டான். நல்லா இருக்கிற புள்ளைக்கு எதுக்கு மிஸ்ஸி ஊசி? நீ குத்திட்டுப் போயிடுவ. அவன் காய்ச்சல்ல கத்துறத உன் வீட்டுக்காரனா வந்து கேப்பான்?”

வரிசையே சிரித்தது. மிஸ்ஸியும் சிரித்தார். “கத்துற புள்ளய சமாளிச்சிடலாம்க்கா” என்றார். பையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

மழைக்காலத்தில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு கழுத்து வீங்கியது. சின்னம்மா சங்கிலியை வாங்கிப்போய்ப் போட்டுவிட்டார். இந்த முறை வீக்கம் வடியவில்லை. தாடையும் கழுத்தும் ஒன்றாகிச் சங்கிலி சதைக்குள் இறங்கியது. “தங்கம் வேலை செய்யுது பாரு, நோவ இழுக்குது” என்றார் சின்னம்மா. நான் கஞ்சி ஊட்டப் போனேன். அவன் வாயைத் திறந்ததும் ஒரு நாற்றம் வந்தது. தொண்டையில் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஏதோ படர்ந்திருந்தது. மூச்சு ரம்பம் இழுப்பதுபோல் கேட்டது. என் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே கொக்கி கைக்கு அகப்படாமல் சங்கிலியை வெட்டித்தான் எடுத்தார்களாம். தொண்டை அடைப்பான் என்றார்கள். வெட்டிய சங்கிலி மட்டும்தான் வீட்டுக்கு வந்தது.

அதற்குப் பிறகு சின்னம்மா சிரிக்கவைத்துப் பேசியதை நான் பார்க்கவில்லை. ஃபெரியில் முன்பின் தெரியாத பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தால்கூடக் கிட்டே போய், “ஊசி போட்டாச்சா?” என்பார். எனக்கு வெட்கமாக இருக்கும், கடலைப் பார்த்துக்கொள்வேன்.

நான் இப்போது இருப்பது ஃபிளாட்டில். யாரோடும் அதிகம் பேசமாட்டேன், லிஃப்டில் தலையசைப்பதோடு சரி. போன வாரம் ஒரு காலையில் எதிர்வீட்டுப் பெண் கதவைத் தட்டினாள்.

“ஆன்டி, தங்கச் சங்கிலி இருக்கா? பையனுக்குப் பொன்னுக்கு வீங்கி. நான் போட்டிருக்கிறது கவரிங் லா.”

“ஊசி போட்டாச்சா?” என் வாயிலிருந்து வந்தது சின்னம்மாவின் குரல்.

“இல்ல ஆன்டி. போன்ல வர்ற வீடியோல ஊசியப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க, பயமா இருந்துச்சு.”

அவள் வீட்டுக்குள் போய்ப் பையன் முகத்தருகே குனிந்தேன். அதே நாற்றம்.

“சங்கிலி தரமாட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இப்பவே.”

“தர இஷ்டமில்லன்னா சொல்லிடுங்க லா ஆன்டி, ஏன் புள்ளய வெச்சுப் பயமுறுத்துறீங்க?”

லிஃப்டை வரவழைத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் முகத்தில் என்ன பார்த்தாளோ, பையனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கதவு மூடியபிறகும் அந்த மூச்சு எனக்குக் கேட்டது.

தொண்டையில் குழாய் வைத்திருக்கிறார்களாம். இப்போதைக்கு எதுவும் சொல்லமுடியாது என்கிறாராம் டாக்டர். நேற்றுப் போனில் அழுதாள். “ஆன்டி, சங்கிலிய எடுத்து வைங்க. அவன் வந்ததும் போட்டு அழகு பார்க்கணும்.”

எதிர்க்கதவுக்கு வெளியே அவனுடைய சிலிப்பர் கிடக்கிறது. சங்கிலியை எடுத்து மேசைமேல் வைத்திருக்கிறேன். விரல் தானாகவே அந்தக் கண்ணியில் போய் நிற்கிறது.