புன்செய் என்று எழுதிய காடு

பெரம்பலூர் கலெக்டர் ஆபீஸுக்கு எதிரில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. திங்கட்கிழமை மனு நாள் என்பதால் மனுவும் எழுதிக் கொடுப்பேன். என் மனுவில் ஓர் ஒற்றுப்பிழைகூட இருக்காது என்று கொஞ்சம் தலைக்கனம் உண்டு. அதில் மண் விழுந்த கதை இது.

இரண்டு வருடத்துக்கு முன் பச்சைமலையிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பரம்பரையாக மலையிலேயே இருக்கும் சனம். ஊருக்கு மேலே நிற்கும் மரங்களுக்கெல்லாம் கான்ட்ராக்டர் ஆட்கள் பெயின்ட்டில் நம்பர் போட்டுவிட்டார்கள், அடுத்தது வெட்டுதான் என்றார்.

"பாட்டன் பூட்டன் காலத்துலேருந்து அது எங்க காடு. வெட்டக் கூடாதுன்னு எழுது பாப்பா."

கடையில் கூட்டம். நான் பிறந்தது உடையார்பாளையம் பக்கம். அங்கே காட்டுக்குப் போனார்கள் என்றால் களை வெட்டப் போனார்கள் என்று அர்த்தம். முந்திரிக்காடு, கடலைக்காடு, சோளக்காடு, எல்லாமே வெள்ளாமை நிலம்தான். நானும் முன்பின் யோசிக்காமல், 'பல தலைமுறையாக எங்கள் அனுபவத்தில் உள்ள புன்செய் நிலத்தில் நிற்கும் மரங்களை' என்று மணிமணியாக எழுதினேன். படித்துக் காட்டவில்லை. அவரும் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம் கழித்து நோட்டீஸோடு வந்து நின்றார். வன நிலத்தை ஆக்கிரமித்துச் சாகுபடி செய்ததாக அவர்மேல் கேஸ். ஆதாரம், என் மனு. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்திருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அங்க ஒரு பிடி சாமைகூட வெதச்சதில்லையே. ஏர் போகக் கூடாதுன்னு சாமிக்கு விட்ட எடமாச்சே" என்றார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கடையைச் சாத்திவிட்டு அவரோடு நோட்டீஸ் அனுப்பிய வனத்துறை ஆபீஸுக்குப் போனேன். தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அங்கிருந்த அதிகாரி தன்மையான மனிதர். அந்த இடத்துக்கும் தனக்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மாள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் கேஸை முடித்துவிடலாம் என்றார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பேனாவைத் திறந்தேன். அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சம்பந்தம் இல்லன்னு எப்படி எழுதறது? கேஸ் முடியற வரைக்கும் மரத்த வெட்டுவாங்களா சார்?"

அதிகாரி கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தார். முடியும்வரை அந்த இடத்தில் யாரும் கை வைக்க முடியாது என்றார்.

"அப்ப கேஸ் நடக்கட்டும்" என்றார் அம்மாள்.

நடக்கிறது. காகிதத்தில் அவர் இன்னும் ஆக்கிரமிப்பாளர்தான். ஒவ்வொரு வாய்தாவுக்கும் முட்டிவலியோடு மலையிறங்கி பஸ் ஏறி வருகிறார். என்னால்தானே இந்த அலைச்சல், சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொள்ளத் தோன்றும். வேண்டிக்கொள்ளவும் பயமாக இருக்கிறது.