சனிக்கிழமை சத்தம் வராத சுவர்

சனிக்கிழமை காலை எட்டு மணியானால் எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம் யாராவது உலகத்தைக் காப்பாற்றுவார்கள். பக்கத்து அபார்ட்மென்ட்டில் தனியாக இருக்கும் அங்கிள் பழைய சூப்பர்ஹீரோ கார்ட்டூன் பார்ப்பார். அமெரிக்காவுக்குப் படிக்க வந்த புதிதில் அதைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் பிடிபட்டதாம். இப்போது வயது எழுபத்தைந்து.

இன்றைக்குச் சத்தமே இல்லை.

ஒன்பது மணி வரை பொறுத்துவிட்டுப் போய்க் கதவைத் தட்டினேன். பதில் இல்லை.

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். டிவியில் முதுகில் துணி கட்டியவன் சத்தமில்லாமல் பறந்துகொண்டிருந்தான். சோபா முனையில் அங்கிளின் இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன. அசையவில்லை.

அவருக்குப் போன் போட்டேன். அது அவர் காலடியிலேயே வெளிச்சம் காட்டி அணைந்தது.

அவசர உதவிக்கு 911-ஐ அடிக்கலாம். ஆனால் எடுத்தவர்களிடம் என்ன சொல்வது? நான் படித்தது ஐந்தாவது. “லெக் இருக்கு, அங்கிள் நோ” என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

அப்போது ஒரு கால் இன்னொரு காலைச் சொறிந்தது.

கண்ணாடியை உடைக்கிற மாதிரி தட்டினேன். கதவைத் திறந்தவர் காதில் பெரிய ஹெட்போன்.

“என்ன அங்கிள் இது?”

“நீதானேம்மா போன வாரம் சொன்ன, என் ஹீரோ அடிக்கிற அடியில உங்க வீட்டுச் சாமி படம் ஆடுதுன்னு. அதான் வாங்கினேன்.”

“சும்மா கலாய்ச்சேன் அங்கிள். கழட்டிடுங்க. படம் விழுந்தா நான் திரும்ப மாட்டிக்கிறேன்.”

படபடப்பு இன்னும் அடங்கவில்லை. 911-இல் இங்கிலீஷில் முதலில் என்ன சொல்ல வேண்டும்? தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், தமிழ் எழுத்தில்.