சங்கிலிமுத்துவின் ரப்பர் பியானோ

"ரப்பரால ஆகாத ரிப்பேர் இந்த ஒலகத்துல இன்னும் பொறக்கல."

தொண்ணூற்றாறாம் ஆண்டு தீபாவளியன்று, இலங்கையில் கித்துல்கலைக்கு மேலே உள்ள ரப்பர் தோட்டத்தில் ரிப்பேர் வேலை பார்க்கும் பிட்டர் சங்கிலிமுத்து கோயில் வாசலில் இப்படி அறிவித்தார். ஆதாரங்கள் பலமானவை. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் கூரையின் ஒழுகல், தோட்டத்து மேலாளரான தொரையின் ஜீப் கதவு என எதையும் அவர் ரப்பரால் அடக்கியிருந்தார். தேய்ந்துபோன கோயில் மணி நாக்குக்கும் ரப்பர் உறைதான். அன்றிலிருந்து மணி 'தொம்' என்றது. சாமி புகார் செய்யாததால் அதுவும் வெற்றியாகவே கொள்ளப்பட்டது.

அடுத்த மாதம் பியானோ வந்து சேர்ந்தது. தொரையின் பங்களாவில் எந்தக் காலத்து வெள்ளைக்காரனோ விட்டுப்போன, அலுமாரி மாதிரி நிமிர்ந்து நிற்கும் சாமான். தொரை அதைப் பிள்ளைக்காம்பராவுக்கு அனுப்பிவைத்தார். ரப்பர் பால் வெட்டப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. அங்கே குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவள் சங்கிலிமுத்துவின் மகள் தனுஜா. பள்ளிக்கூடத்தில் ஆர்மோனியம் பழகியவள், பியானோவைக் கண்டதிலிருந்து அதன் பக்கத்திலேயே சாப்பிட்டாள்.

"திங்கக்கெழம வந்து பாக்கிறது. சத்தம் வரல்லன்னா ஆத்தோர ஹோட்டலுக்கு குடுக்கிறது" என்று தொரை தன் சிங்களத் தமிழில் சொல்லிவிட்டார். படகு விட வரும் வெளிநாட்டுக்காரர்களுக்காக, அதன்மேல் பூச்சாடி வைக்க ஹோட்டல்காரர் ஆசைப்பட்டாராம்.

சங்கிலிமுத்து முன்பலகையைக் கழற்றினார். கட்டை ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு குட்டிச் சுத்தியல். கட்டையை அழுத்தினால் சுத்தியல் போய்த் தந்தியை அடிக்க வேண்டும். சுத்தியல்களின் தலையில் இருந்த கம்பளியைப் பாதி பூச்சி தின்றிருந்தது, மீதியைத் தந்தி அறுத்திருந்தது.

"இதுக்குப் போயி ஆட்டுமுடிய வச்சிருக்கான் வெள்ளக்காரன்" என்று இரங்கிவிட்டு, எல்லாத் தலையிலும் ரப்பர்த் துண்டு வைத்து, டயர் ஒட்டும் சொலூஷனால் ஒட்டினார்.

தனுஜா ஒரு கட்டையை அழுத்தினாள். 'தொப்.' போன கட்டை திரும்பவில்லை. புழுக்கத்தில் இளகிய ரப்பர் தந்தியைக் கட்டிப் பிடித்திருந்தது.

"அப்பா, ஒட்டிக்கிச்சு."

"புதுசுல்ல. பழகப் பழக விட்டுரும்."

முகப்பவுடர் தூவிப் பார்த்தார். பியானோ கல்யாணப் பெண்போல மணந்தது. சத்தம் மட்டும் அதே 'தொப்'.

அதன்பின் அவர் ஓரிடத்தில் தரிக்கவில்லை. சோற்றில் கைவைத்தார், எழுந்தார். லயத்துக் கோடிவரை போனார், எதற்கு வந்தோம் என்று மறந்து திரும்பினார். எதிர்ப்பட்ட மரத்தையெல்லாம் விரலால் தட்டிக் காதை வைத்தார்.

"ஏங்க, வயித்துல பூச்சியா?" என்றாள் மனைவி இருளாயி.

"மனுசன் யோசிக்கிறேன்."

"அதாங் கேட்டேன். பழக்கமில்லாததாச்சே."

ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைக்காம்பராவுக்கு ஓடினால், தனுஜா பியானோவைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஹோட்டல் ஆளுங்க தூக்கிட்டுப் போறதுக்கு இந்தக் கதவு பத்துமாப்பா?"

வீட்டுக்கு வந்தார். மழைக்குப் போர்த்தியிருந்த பழைய கம்பளியை உதறினார், அடுப்புக்கு மேலே காயவைத்தார், கத்தரிக்கோலைத் தேடினார். அந்தக் கம்பளியை வேறு யாரும் தொட்டால் வீடு இரண்டுபடும்.

"அது ஒங்கப்பாரு போத்துனதுங்க" என்றாள் இருளாயி.

"ஆட்டுமுடிதானே."

ரப்பரையெல்லாம் உரித்தெடுத்து, கம்பளியைப் பட்டை பட்டையாக வெட்டி, தச்சரிடம் வாங்கிய வச்சிரப் பசையால் ஒட்டினார்.

திங்கட்கிழமை தொரை வந்து ஒரு கட்டையை அழுத்தினார். தந்தி பாடியது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரலை ஓட்டினார். தூங்கிய குழந்தைகள் எல்லாம் எழுந்துவிட்டன. தனுஜா கதவை மறைத்து நின்றுகொண்டாள்.

"ஹரி, சரிதான், இங்கயே இருக்கட்டும்" என்றார் தொரை. "ரப்பர்தானே, சங்கிலி?"

சங்கிலிமுத்து உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் இறங்கினார்.

சிறிது நேரத்தில் கோயில் மணி, பல காலத்துக்குப் பிறகு, 'டாங்' என்றது.